‘நம்ம வீட்டு நாய்தானே’ என்ற பேச்சை ஏற்க மாட்டோம்

வெறிநாய்க்கடித் தடுப்பு, நாய் வளர்ப்போர் பொறுப்பு: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் நிலைப்பாடு

டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கும்படி 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. வெறி கண்டவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. அன்று முதல் எங்கள் கூட்டங்களில் தெருநாய்ப் பேச்சு ஓயவில்லை. அந்தச் சண்டையில் சத்தமில்லாமல் தப்பித்துக்கொள்வது வீட்டு நாய். 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறியவை தெருநாய்கள் அல்ல, வளர்ப்பு ராட்வைலர்கள். எனவே வீட்டிலிருந்தே தொடங்குகிறோம்.

சட்டத்தில் குழப்பம் இல்லை. 2023ஆம் ஆண்டு விலங்குக் கருத்தடை விதிகளின்படி தெருநாய்க்குத் தடுப்பூசி போடுவது உள்ளாட்சியின் வேலை, வளர்ப்பு நாய்க்குப் போடுவது வளர்ப்பவரின் வேலை. தன் நாயால் பிறருக்கு ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கேட்பதை முழுமையாக ஆதரிக்கிறோம். உரிமக் கட்டணம் 50 ரூபாய். நாயைத் தெருவில் கைவிட்டவருக்கு 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் முதல் தடவை விதிக்கும் அதிகபட்ச அபராதமும் அதே 50 ரூபாய்தான்! குட்டியாக இருக்கும்போது கொஞ்சிவிட்டு, வளர்ந்ததும் காரில் ஏற்றிப் போய் இறக்கிவிடுபவருக்கு இது இரண்டு தேநீர்ச் செலவு. இந்தத் தொகையை நாடாளுமன்றம் உயர்த்தியே ஆக வேண்டும்.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது ஒரு சொல்: “நம்ம வீட்டு நாய்தானே, ஒண்ணும் ஆகாது.” ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது அரிதினும் அரிது. கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஏறுவதற்குள் தடுத்தால்தான் உண்டு. பெரும்பாலும் அதற்குச் சில வாரங்களோ மாதங்களோ பிடிக்கும். முகத்திலும் தலையிலும் கடிபட்ட குழந்தைக்கு அந்த அவகாசம் இன்னும் குறைவு. கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வது, ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனிப்பதற்காக. கவனித்துவிட்டு ஊசி போடுவதற்காக அல்ல. மூன்று மாதம் நிறையாத குட்டிக்குப் பெரும்பாலும் தடுப்பூசியே போட்டிருக்க மாட்டார்கள். அதன் பல் கீறியதை விளையாட்டு என்று விட்டுவிடக் கூடாது. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்பாமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு நேராக அரசு மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையம், ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்களில் வர வேண்டும். ரத்தம் கசியும் காயமானால் அதைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று இன்றும் பெரியவர்கள் பயமுறுத்துகிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தக் காலத்து மருந்து வழக்கொழிந்து சுமார் இருபது ஆண்டுகள் ஆகின்றன.

நாயே வளர்க்கக் கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு அல்ல. லிஃப்டில் நாய்க்குத் தடை என்று நாங்கள் ஒட்டியிருந்த அறிவிப்பை நீக்கிவிட்டோம்; அப்படித் தடுக்கக் குடியிருப்புச் சங்கங்களுக்கு உரிமை இல்லை என்று விலங்கு நல வாரியம் முன்பே சொல்லியிருக்கிறது. விஷம் வைப்பதையும், கருத்தடை முடிந்த நாயை வேறு பேட்டையில் கொண்டுபோய் விடுவதையும் எதிர்க்கிறோம். 2023 விதிகள் எங்கள் தலையிலும் ஒரு வேலையை வைத்திருக்கின்றன: குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் ஆகியவற்றை விட்டுத் தள்ளி, தெருநாய்களுக்குச் சோறு வைக்க இடம் ஒதுக்குவது. இதுவரை அதைச் செய்யாதது எங்கள் தவறு. இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வளர்ப்பு நாய் யாரையாவது கடித்தால், அது வீட்டு வேலைக்கு வரும் அம்மாவாக இருந்தாலும் சரி, உணவு கொண்டுவரும் தம்பியாக இருந்தாலும் சரி, வளர்ப்பவரே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். நாயின் தடுப்பூசிச் சான்றையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். நான்கு தவணையும் முடியும்வரை போக்குவரத்துச் செலவும் இழந்த கூலியும் அவர் பொறுப்பு. நூறு ரூபாயைக் கையில் திணித்து அனுப்புவதைச் சமரசமாகச் சங்கம் கருதாது.

உரிமம், தடுப்பூசிச் சான்று இரண்டின் நகலையும் அடுத்த பொதுக்குழுவுக்குள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டுகிறோம். நிர்வாகக் குழுவில் மூவர் நாய் வளர்க்கிறார்கள். அவர்களுடைய நகல்கள் இந்த வாரமே அறிவிப்புப் பலகைக்கு வருகின்றன.