தரவரிசைக்கு அப்பால்: பல்கலைக்கழக மாணவரின் சுய எண்ணக்கருவும் சமூகத் திறன்களும்

மெல்பேர்ணின் தென்கிழக்குப் புறநகரான மல்கிரேவிலிருந்து மொனாஷ் பல்கலைக்கழகத்தின் கிளேட்டன் வளாகம் சில நிமிடப் பயணத் தொலைவிலேயே உள்ளது. இப்பகுதித் தமிழ்ப் பெற்றோர் பலரின் கனவு அவ்வளாகத்தையே சுற்றி வருகின்றது. பிள்ளைக்கு அனுமதி கிடைத்ததும் தமது கடமை முடிந்ததென அவர்கள் ஆறுதல் அடைகின்றனர். பிள்ளைக்கோ உண்மையான சோதனை அன்றுதான் தொடங்குகின்றது.

கல்வி மீதான இப்பற்றுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் புகுத்தப்பட்ட தரப்படுத்தல், மருத்துவ, பொறியியல் பீடங்களில் நுழையத் தமிழ் மாணவர் கூடுதல் புள்ளிகள் பெறவேண்டிய நிலையை உருவாக்கியது. 1983 ஜூலைப் படுகொலைகளின் பின்னர் உடைமைகளை இழந்து புலம்பெயர்ந்த பலருக்குக் கல்வியே எஞ்சிய முதலாயிற்று. அன்றைய புள்ளிக் கவலை இன்று பன்னிரண்டாம் வகுப்பின் ‘ஏட்டார்’ எண்ணாக உருமாறியுள்ளது. அதன் உச்சம் 99.95. அது பெற்ற புள்ளியன்று. சம வயதினரிடையே ஒருவர் வகிக்கும் இடம் மட்டுமே.

‘நான் யார், எனக்கு என்ன இயலும்’ என ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள கருத்தையே உளவியலாளர் சுய எண்ணக்கரு என்பர். கல்வி, சமூகம், உணர்வு, உடல் என அதற்குப் பல கூறுகள் உள்ளதென 1976இல் ஷேவல்சன் குழுவினர் விளக்கினர். அவுஸ்திரேலியாவில் நெடுங்காலம் ஆய்வு செய்த ஹேர்பேட் மார்ஷ், ஒரே திறமையுடைய மாணவர் மிகத் திறமையானோர் நிறைந்த இடத்தில் தம்மைக் குறைவாக மதிப்பிடுவர் எனக் காட்டினார். சிறு குளத்தின் பெரிய மீன் பெருங்குளத்தில் சிறுத்துப்போகின்றது.

பள்ளியில் ‘கெட்டிக்காரப் பிள்ளை’ என்ற ஒரே அடையாளத்துடன் வளர்ந்தவர் பல்கலைக்கழகத்தில் தடுமாறுவது இதனால்தான். கேள்வி கேட்டால் அறியாமை வெளிப்படும் என அஞ்சி அவர் மௌனம் காக்கின்றார். குழுப் பணியில் ஒதுங்குகின்றார். ஒதுங்குவதால் பழகும் திறன் வளர்வதில்லை. திறன் வளராததால் ‘எனக்குப் பேச வராது’ என்ற எண்ணம் இறுகுகின்றது. ஒரு பாடத்தில் சித்தியடையாததைப் பெற்றோரிடமே மறைக்கும் நிலைக்கும் இது இட்டுச்செல்லக்கூடும்.

முதலில் படிப்பு, மற்றவை பின்னர் தாமாகவே வரும் என்பது பலரின் வாதம். நீந்தாமல் நீச்சல் வருவதில்லை. வைத்தியரிடமும் வங்கியிலும் பிள்ளைக்காகப் பெற்றோரே பேசும் வழக்கம் மாறவேண்டும். தமிழ்ப் பள்ளிகளில் மூத்த மாணவர் மேடையேறுவதுடன் நில்லாது, சிறுவருக்குக் கற்பிக்கவும் விழாக்களைப் பொறுப்பேற்று நடத்தவும் இடமளிக்கப்படவேண்டும். மூத்தோருடன் தமிழில் உரையாடுவதும் பயிற்சியே. பகுதிநேர வேலையை நேர விரயமாகக் கருதத் தேவையில்லை.

இளையோரும் ஒன்றை உணரவேண்டும். உதவி கேட்பது இயலாமையின் அடையாளமன்று. விரிவுரையாளரை அணுகுவதும், தேவைப்படின் பல்கலைக்கழக உளவளத்துணையாளரை நாடுவதும் மாணவரின் உரிமை.

‘எத்தனை புள்ளி?’ என்ற கேள்வியுடன் ‘இன்று யாருடன் பேசினாய்?’ என்ற கேள்வியும் தமிழ் இல்லங்களில் ஒலிக்கட்டும். தோல்வியையும் அஞ்சாமல் சொல்லக்கூடிய வீடே பிள்ளையின் சுய எண்ணக்கருவுக்கு உறுதியான அத்திவாரம்.