எட்டாம் மாதமும் எமனும்

ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை தங்குமாம். எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காதாம். மதுரையிலும் மேலூர், திருமங்கலம் பக்கங்களிலும் இன்றைக்கும் இப்படிச் சொல்லுகின்றவர்கள் உண்டு. கருப்பையில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலமே. ஆகவே ஏழைவிட எட்டே மேல் என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

மிகவும் முன்னதாகப் பிறந்த பிள்ளைக்கு மூச்சிரைப்பானேன்? கருவில் நுரையீரலுக்கு வேலையில்லை. ஆதலால் அங்கே போகும் இரத்தத்தை உடம்புக்குத் திருப்பிவிட ஒரு குறுக்குக் குழாய் உண்டு. மாதம் நிறைந்து பிறந்தால் சில நாட்களில் அது மூடிக்கொள்ளும். 28 வாரத்துக்கு முன் பிறந்த பலருக்கு உடனே மூடாது. இரத்தம் நுரையீரலில் அதிகமாய்ப் பாயும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் குறையும். மூச்சிரைப்புக்கு இதுவும் ஒரு காரணம். இதையே ஜோசியன் "பாலாரிஷ்டம்" என்று மிரட்டிப் பரிகாரப் பணம் பறிக்கின்றான். சனியோ செவ்வாயோ எந்தப் பிள்ளையின் குழாயையாவது மூடினதுண்டா என்று கேட்கின்றோம்.

மூடினவர்கள் மனிதர்களே. 1938ல் பாஸ்டன் நகரில் டாக்டர் ராபர்ட் கிராஸ், ஏழு வயதுச் சிறுமிக்கு அக்குழாயைக் கட்டிப் பிழைக்க வைத்தார். 1976ல், குறைமாதப் பிள்ளைகளுக்கு இண்டோமெத்தசின் மருந்தாலேயே மூடலாமென்று வெளியிட்டார்கள். பிறகு ஐபுப்ரோஃபென் வந்தது. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமாலும் வந்தது.

அப்படியானால் டாக்டர் சொன்னதெல்லாம் வேதமா? அதுவுமில்லை. முன்கூட்டியே மருந்து கொடுப்பதே நல்லதென்று பலர் நினைத்தார்கள். ஐரோப்பாவில் நடந்து 2023லும் 2024லும் வெளியான சோதனைகளில், சீக்கிரமே ஐபுப்ரோஃபென் கொடுத்ததால் சாவோ நுரையீரல் கேடோ குறையவில்லையென்று தெரிந்தது. பலருக்கு அது தானே மூடுகின்றது. ஆகவே ஸ்கேன் வைத்துப் பார்த்து, பொறுத்திருந்து, அவசியப்பட்டவர்களுக்கே மருந்தோ அறுவையோ என்று பல டாக்டர்கள் மாறியிருக்கின்றார்கள். நேற்று நினைத்தது தப்பென்று சோதித்து ஒப்புக்கொள்வதே அறிவு. பஞ்சாங்கக்காரன் ஒருநாளாவது ஒப்புக்கொண்டதுண்டா?

தோழர்களே! குறைமாதப் பிள்ளைக்குக் கழுதைப்பாலும் சேனையும் தாயத்தும் தேடி நேரத்தைக் கொல்லாதீர்கள். தாயின் மார்போடு சேர்த்துச் சூடு காத்து, பச்சிளங்குழந்தைப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மதுரை இராசாசி அரசு ஆஸ்பத்திரியில் அது உண்டு. அரசு ஆஸ்பத்திரிகளில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்குச் செலவில்லாத வைத்தியமென்பது 2011ல் வந்த மத்திய அரசின் திட்டம். அது யாரும் போடும் பிச்சையல்ல, நம் வரிப்பணம்.

பிள்ளை தவறினால் பெற்றவளை "ராசி கெட்டவள்" என்று ஏசுகின்ற வீட்டாருக்கும் ஒரு சொல். திறந்திருந்தது ஒரு குழாய், அவள் தலையெழுத்தல்ல. அவளை ஏசும் வாயை முதலில் மூடுங்கள்.