தடித்த சுவர் பலமான சுவரா?

2018 ஆகஸ்ட் 22-ம் தேதி இரவு, முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் இடிந்து வெள்ளத்தோடு போனதைத் திருச்சிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டியது. 180 வருடத்துக்கு மேல் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கி நின்றது. அணைச்சுவருக்குத் தன்னைத்தானே பெரிதாக்கிக்கொள்ளத் தெரியாது. நெஞ்சுக்குள் இருக்கும் சுவருக்குத் தெரியும். அழுத்தம் கூடக் கூட அது தடிக்கும். வில்லங்கமே அங்கேதான்.

இதயச் சுவர் மூன்று அடுக்கு. ரத்தம் படும் உள்பக்கம் வழுவழுப்பான மெல்லிய உறை. வெளிப்பக்கம் இன்னொரு உறை; இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் ஓடுவது அங்கேதான். நடுவில் தசை. வேலை முழுக்க இதனுடையது. வலது கீழறை, பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ளினால் போதும். அதன் சுவர் 3 முதல் 5 மில்லிமீட்டர். இடது கீழறை உடம்பு முழுக்க அனுப்ப வேண்டும்; அதன் சுவர் சுமார் 1 சென்டிமீட்டர்.

பி.பி. வருடக்கணக்கில் எகிறியே இருந்தால் இந்த இடது கீழறைக்கு ஒவ்வொரு துடிப்பும் தண்டால்தான். தசை பெருக்கிறது. பயில்வானின் புஜத்துக்கு அது பெருமை, இதயத்துக்கு அல்ல. தடித்த சுவர் விறைத்துப்போகும். சுருங்கும், ஆனால் சரியாகத் தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ‘வயசாச்சு’ என்று வீட்டில் விட்டுவிடுவார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அறை நிறைய ரத்தம் இருந்தாலும் தசையால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆறு பக்கத்திலேயே ஓடினாலும் வயலுக்கு வாய்க்கால் வழியாகத்தானே தண்ணீர் வர வேண்டும்? வெளிப்பக்கக் குழாயிலிருந்து கிளை பிரிந்து உள்ளே வரும் ரத்தத்துக்கு, உள்பக்கத் தசைதான் கடைமடை. சுவர் தடித்தால் தேவை கூடும், வரத்து அதற்கேற்பக் கூடாது. குழாய் அடைத்தால் முதலில் காய்வதும் கடைமடைதான். செத்த தசை மறுபடி முளைப்பதில்லை என்றே சொல்லலாம். அங்கே தழும்புதான் மிஞ்சும், தழும்பு துடிக்காது. முக்கொம்பில் புது அணையே கட்டிவிட்டார்கள். இதயத்துக்கு அது அவ்வளவு சுலபமில்லை.

ஆறுதலான விஷயம், பி.பி.யை மாத்திரையால் கட்டுக்குள் வைத்தால் தடித்த சுவர் ஓரளவு மெலிகிறது. எக்கோ பரிசோதனையில் மில்லிமீட்டர் கணக்கில் பார்த்துவிடலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வந்ததை விழுங்காமல் அலமாரியில் சேர்த்துவைப்பவர்களும் உண்டு! நெஞ்சை அழுத்துகிற வலி, கூடவே வியர்வை என்றால் வாயுவென்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 108.