காலம் யாருக்குச் சொந்தம்?

தொப்பூர் கணவாயை அறியாதார் தருமபுரி மாவட்டத்தில் இல்லை. சீநகரிலே தொடங்கிக் கன்னியாகுமரியிலே முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தருமபுரியைக் கடந்து சேலம் நோக்கிச் சரிந்திறங்கும் மலைவழி அது. வடபுலத்துச் சரக்கைச் சுமந்த லாரிகள் அவ்வழியே இறங்குகின்றன. பிழைப்புத் தேடிச் சேலத்துக்குச் செல்லும் ஏழை எளியவரின் பேருந்தும் அவ்வழியேதான் இறங்குகிறது.

தோழரே, தருமபுரிக்கும் சேலத்துக்கும் எவ்வளவு தொலைவு? ஏறத்தாழ 65 கிலோமீட்டர் என்பீர்கள். மைல்கல் அப்படித்தான் கூறும். ஒன்பது மணிக்குப் பணியிலே நிற்க வேண்டிய தொழிலாளியைக் கேளுங்கள். கிலோமீட்டர் கணக்கை அவன் சொல்லமாட்டான். 'கணவாய் வழிவிட்டால் ஒன்றரை மணி. மறித்துக்கொண்டால் எவருக்கும் தெரியாது' என்பான்!

தாமதம் வேறு, நிச்சயமின்மை வேறு. நாள்தோறும் இரண்டு மணி நேரம் பிடிக்குமென்றால், அதற்கேற்ப அடுப்பை மூட்டலாம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம். இன்று ஒன்றரை மணி, நாளை மூன்று மணி என்றால் என் செய்வது? கெட்ட நாளைக் கருதி எல்லா நாளும் முன்கூட்டியே புறப்பட வேண்டும். வழி சீராயிருக்கும் நாளில், திறவாத ஆலைக் கதவின்முன் காத்துக் கிடக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குக் கூலி உண்டா? இல்லை. காத்திராமல் வந்து, ஒருநாள் பிந்தினால் கூலிப் பிடித்தம் உண்டா? உண்டு! சாலையின் குற்றத்துக்குத் தண்டனை தொழிலாளியின் மடியில் விழுகிறது. இது அரசு போடாத வரி. ஆயினும் ஏழை நாள் தவறாமல் செலுத்தும் வரி.

கணவாய் மறிப்பதேன்? ஓட்டுநரின் கவனக் குறைவு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உண்மை அதனினும் ஆழமானது. சரிவிலே டீசலை மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விடுவதுண்டு. அப்போது எஞ்சினின் தடுப்பாற்றல் அற்றுப்போகிறது. பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் ஏறுகிறது. பிரேக் சூடேறிச் செயலிழக்கிறது. 2020 டிசம்பரில், தேங்கி நின்ற ஊர்திகள்மீது லாரி மோதி நால்வர் மாண்டனர். 2024 ஜனவரியில் மீண்டும் நால்வர் பலி! தேக்கம் விபத்தைப் பெறுகிறது; விபத்து தேக்கத்தைப் பெறுகிறது. உறக்கமின்றி ஓட்டும் அந்த ஓட்டுநனும் தொழிலாளிதான். சொட்டு டீசலுக்கும் கணக்குக் கேட்கும் முறையை விட்டுவிட்டு, அவனை மட்டும் குறை கூறுவது நீதியாகுமா?

உயர்மட்டச் சாலைத் திட்டம் பேசப்படுகிறது. வரட்டும், வரவேற்போம். ஆனால், ஒரே பாதையை நம்பி ஒரு மாவட்டம் வாழலாகாது. 1906ஆம் ஆண்டிலேயே மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே குறுகிய இருப்புப்பாதை ஓடிற்று. பஞ்சக் காலத்தில் மக்களைக் காக்கவென்று அன்னிய ஆட்சி போட்ட பாதை அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. மொரப்பூர் சென்னைப் பெருவழியிலே நிற்கிறது. தருமபுரி பெங்களூர் வழியிலே நிற்கிறது. இடையே ஏறத்தாழ 36 கிலோமீட்டர்! அதனை இணைக்க 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல்லில் ஏறி யாரும் வேலைக்குச் செல்ல முடியாது, தோழரே!

நாடு விடுதலை பெற்றது 1947இல். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல். கொடியும் எல்லையும் நமதாயின. காலம் மட்டும் இன்னும் நமதாகவில்லை.

ஆகவே, மேடைப் பேச்சோடு நில்லாதீர்கள். காலையில் பேருந்து நிலையத்துக்குச் செல்லுங்கள், கையிலே ஒரு குறிப்பேட்டுடன். எந்தப் பேருந்து எப்போது புறப்பட்டது, எப்போது சேர்ந்தது, யாருக்கு எவ்வளவு கூலி பிடிக்கப்பட்டது என்று ஒரு திங்கள் எழுதுங்கள். அக்கணக்கை ஆலை நிர்வாகத்திடம் காட்டி, கணவாய் மறித்த நாளில் பிடித்தம் கூடாதெனக் கேளுங்கள். மாவட்ட ஆட்சியரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் அதையே கொடுத்து, இருப்புப்பாதை எந்த ஆண்டு முடியுமெனத் தேதி கேளுங்கள். முறையீட்டை ஒதுக்கலாம்; நாளும் மணியும் குறித்த கணக்கை ஒதுக்குவது எளிதன்று.

உழைப்பவன் தன் உழைப்பை விற்கிறான். வழியிலே தொலையும் நேரத்தை அவன் விற்கவில்லை. அது அவனுடையது, மீட்டுத் தருவோம்!