ஸ்டென்சிலும் உறுமியும்

ஒரு பாடகியின்மேல் சுமத்துவதற்கு மிக எளிய குற்றச்சாட்டு, அவருக்குப் பாடத் தெரியாது என்பது. எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசத்தின்மேல் அது இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுமத்தப்பட்டு வருகிறது. தமிழ் வாசகர்களிடையே அவர் பெயர் எழும்போது வழக்கமாக இரண்டு எதிர்வினைகள் வரும். ஒன்று, நம் இனத்துப் பெண், ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து ஆஸ்கர் பரிந்துரை வரை போனவர் என்ற பெருமிதம். மற்றது, இரைச்சலுக்கு நடுவே கோஷம் போடுகிறவர் என்ற ஒதுக்கல். பெருமிதப்படுகிறவர்களும் ஒதுக்குகிறவர்களும் அவர் பாட்டைக் காதுகொடுத்துக் கேட்டார்களா என்ற ஐயம் எனக்கு உண்டு.

அவரை இசையிலிருந்து தொடங்கி அணுகுவதால்தான் இந்தக் குழப்பம். அவர் முதலில் ஓவியர். 1975இல் லண்டனின் ஹவுன்ஸ்லோவில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், இடையில் சென்னையில் சில காலம் வாழ்ந்து, 1986இல் தாயோடு அகதியாக லண்டன் திரும்பியவர். தந்தை அருளர், ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1977 கலவரத்துக்குப் பின் கொழும்பிலிருந்து வடக்கே மக்களை ஏற்றிச் சென்ற கப்பலைக் களமாகக் கொண்ட 'லங்கா ராணி' நாவலின் ஆசிரியர் என்றால் இலக்கிய வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமாகத் தெரியும். தாய் கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மகள் லண்டனின் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் நுண்கலையும் திரைப்படமும் படித்தார். 2001இல் நடந்த அவருடைய முதல் கண்காட்சியில் புலி, துப்பாக்கி, பனைமரம் எல்லாம் ஸ்டென்சில் வெட்டப்பட்டு, பளபளக்கும் நுகர்பொருள் நிறங்களில் தெளிக்கப்பட்டிருந்தன. ஈழத்துச் சுவரொட்டியின் மொழி லண்டன் கடைத்தெருவின் வண்ணத்தில் பேசியது.

பங்க் இசைக்கு அவர் வந்த வழியும் ஓவியம்தான். இலாஸ்டிகா இசைக்குழுவின் 2000ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு அட்டை வடிவமைத்தார். அந்தக் குழுவின் அமெரிக்கப் பயணத்தைப் படம் பிடிக்கக் கூடவே போனார். அந்த மேடைகளில் முன்னதாகப் பாடியவர் பீச்சஸ். டொராண்டோவில் பிறந்து, அங்கே குழந்தைகளுக்கு இசையும் நாடகமும் கற்பித்துக்கொண்டிருந்து, பிறகு பெர்லினுக்குப் போனவர். பெரிய வாத்தியக்குழு எதுவும் இல்லை. ரோலண்ட் எம்.சி. 505 என்ற ஒரு தாளக் கருவியும் அவருடைய துணிச்சலும் மட்டும். அந்தக் கருவியை நீயும் வாசித்துப் பார் என்று மாதங்கியை ஊக்கியவர் அந்தக் கனடாக்காரர்தான். இதில் ஒரு சுவையான திருப்பமும் உண்டு. இலாஸ்டிகாவின் பாடகி ஜஸ்டின் ஃப்ரிஷ்மன் பின்னாளில் இசையை விட்டு ஓவியரானார். ஓவியராக வந்தவர் பாடகியானார்.

பங்க் 1970களில் முன்வைத்த வாதம் எளிமையானது. சொல்வதற்கு ஒன்று இருப்பவர் தேர்ச்சிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்பியாசத்தையும் குருகுலத்தையும் போற்றி வளர்ந்த நம் காதுக்கு இது அகம்பாவமாகப் படும். ஆனால் மாதங்கி தேர்ச்சி இல்லாமல் வந்தவர் அல்லர். அவருடைய தேர்ச்சி வேறொரு கலையில் இருந்தது. ஸ்டென்சில் என்பது என்ன? ஓர் உருவத்தை அது இருந்த இடத்திலிருந்து வெட்டியெடுத்து, அது இருக்கவே கூடாத சுவரில் பதிப்பது. இசைத்துணுக்கை வெட்டியெடுத்து இன்னொரு பாட்டில் பதிப்பதும் அதே கைவேலைதான். 2003இல் வந்த முதல் பாட்டிலிருந்து அவர் செய்துவருவது இது. முதல் ஆல்பத்துக்குத் தந்தையின் பெயர், 'அருளர்', 2005. இரண்டாவதற்குத் தாயின் பெயர், 'கலா', 2007.

'கலா'வின் முதல் பாட்டைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். 'பேம்பூ பாங்கா' என்ற அந்தப் பாட்டில் அமெரிக்க பங்க் இசையின் முன்னோடிகளான மாடர்ன் லவர்ஸ் குழுவின் ஒரு பாட்டு எதிரொலிக்கிறது. அதனோடு சேர்ந்து ஒலிப்பது 1991இல் வந்த 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாடலின் துணுக்கு. நான் குச்சனூரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இளையராஜாவின் பண்ணைப்புரம் இதே பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. பாஸ்டன் நகரத்து பங்க் முன்னோடியும் பண்ணைப்புரத்துக்காரரும் ஒரே பாட்டில் சந்திப்பதற்கு ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் தேவைப்பட்டிருக்கிறார். அதே ஆல்பத்தின் 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' ஆகிய பாடல்கள் உறுமியின்மேல் நிற்கின்றன. அமெரிக்க விசா சிக்கலால் ஆல்பத்தை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்ய நேர்ந்தபோது, அந்த ஊர்களில் ஒன்று சென்னை.

இளையராஜாவை இங்கே கொண்டுவருவது ஊர்ப்பற்றினால் அன்று. லண்டனுக்கு இரண்டு வழிகள் இருந்தன என்பதை அவரை வைத்துத்தான் சொல்ல முடியும். அண்ணன் பாவலர் வரதராஜனின் கம்யூனிஸ்ட் மேடைகளில் தொடங்கியவர் அவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் மலையேறிப் போய்ப் பாடிய மரபு அது. மக்களுக்குத் தெரிந்த மெட்டில் புதிய சொல்லை ஏற்றிப் பாடுவது அத்தகைய மேடைகளின் வழக்கம். அதையும் ஒரு வகை வெட்டி ஒட்டல் என்றே சொல்லலாம். பிறகு அவர் சென்னை போய், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைக் கற்று, அவர்களுடைய அளவுகோலாலேயே தன்னை அளந்து காட்டினார். 2025 மார்ச்சில் லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியது அந்த வழியின் உச்சம். மாதங்கி அந்த அளவுகோலையே ஏற்க மறுத்தார். முதல் வழியைக் கொண்டாட நமக்குச் சொற்கள் ஏராளம் உள்ளன. இரண்டாவது வழியைப் பேச 'இரைச்சல்' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. நம் விமரிசனத்தின் வறுமை இது.

இந்த வறுமைக்கு ஒரு விலை உண்டு. உறுமியைப் பாருங்கள். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து உறும வைக்கும் அந்த வாத்தியம் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் ஒலிக்கும், சாவு வீட்டிலும் ஒலிக்கும். சபாவில் ஒலிக்காது. வாசிப்பவரின் சாதி வாத்தியத்தின்மேலும் ஏறியிருக்கிறது. தேர்ச்சி என்பதற்கு ஒரே ஒரு பொருள்தான் என்று நாம் பிடிவாதம் பிடிக்கும்வரை, உறுமிக்காரரின் தேர்ச்சி நம் கண்ணில் படப்போவதில்லை. மாதங்கியோ அதைப் பின்னணி அலங்காரமாக வைக்காமல் பாட்டின் முதுகெலும்பாகவே வைத்தார்.

அவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளும் உள்ளன. உலகம் கேட்ட அந்த உறுமியை அடித்த கைகள் யாருடையவை என்று கேட்டவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஸ்டென்சிலின் ஆபத்து இது. வெட்டும்போது உருவம் கிடைக்கும், உருவத்துக்கு உரியவர் விளிம்புக்கு வெளியே விழுந்துவிடுவார். இயக்கத்தின் படிமங்களை வண்ணத்தில் தெளித்தபோது, அந்த இயக்கம் தமிழர்கள்மேலேயே செலுத்திய வன்முறை அந்தச் சட்டகத்துக்குள் வரவில்லை என்ற விமரிசனமும் நியாயமானது. எதையும் மறுக்கும் பங்க் பழக்கம் 2020இல் தடுப்பூசியையும் மறுக்கும் இடத்துக்கு அவரைக் கொண்டுபோனது. மறுப்பது ஒரு முறை மட்டுமே, எதை மறுக்கிறோம் என்பதை ஒவ்வொரு தடவையும் தனியாக நிறுவியாக வேண்டும்.

ஆயினும் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டைக் கேட்கும்போது இந்தக் கேள்விகள் சற்று ஒதுங்கி நிற்கின்றன. தி கிளாஷ் என்ற பங்க் குழு 1982இல் வெளியிட்ட பாட்டின் துணுக்கு அடியில் ஓடுகிறது. மேலே துப்பாக்கி வெடியும் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும். குடியேறிகளைப் பார்த்துப் பணக்கார நாடுகள் கொள்ளும் அச்சத்தை அப்படியே எடுத்து அவர்கள் முன்னால் பிடித்த கண்ணாடி அது. அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அந்த வெடியோசையை மாற்றி ஒலிபரப்பின. அப்படியும் 2008இல் அது அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. இதைச் செய்ய நல்ல சாரீரம் தேவைப்படவில்லை. எந்த ஓசையை எந்த ஓசைக்குப் பக்கத்தில் வைப்பது என்று அறிந்த ஓவியரின் கண் தேவைப்பட்டது.

ஆகவே நண்பர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. அவருடைய அரசியலோடு சண்டையிடுங்கள், தாராளமாக. ஆனால் அதற்கு முன் 'கலா'வை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். சுருதி சேர்கிறதா என்று பார்க்காமல், எது எங்கிருந்து வெட்டப்பட்டு எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அடுத்த திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் போகும் உறுமிக்காரரின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.