ஏழுமலையைத் தேட ஏழு மலையும் ஏறணுமா?

செஞ்சிக்கோட்டைக்கு வருகிற ஒருவர் கல்யாண மஹாலை மட்டும் பார்க்க ஆசைப்படுகிறார். என்ன செய்வார்? ராஜகிரி அடிவாரத்துக் கோட்டைக்குள் நுழைந்து நேராகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கிருஷ்ணகிரி ஏறி இறங்கி, சந்திரயான் துர்க்கமும் ஏறி இறங்கி, ராஜகிரி உச்சியையும் தொட்டுவிட்டு "அட, கீழேயே இருக்கே!" என்று யாரும் சொல்வதில்லை. செஞ்சி வெயில் அப்படி.

ஆனால் நம்ம சிஸ்டம் அட்மின் சார்கள் எழுதுகிற ஸ்கிரிப்ட்கள் தினமும் இந்த வேலையைத்தான் பார்க்கின்றன. ஏறுவது அவர்கள் இல்லையே, சர்வர்தானே :-)

கல்லூரி, வங்கி, கம்பெனி எதுவானாலும், யார் யார் உள்ளே நுழையலாம், யாருக்கு எந்த மெயில் ஐடி என்பதெல்லாம் ஒரு டைரக்டரியில் இருக்கும். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து பெரும்பாலான இடங்களில் அது ஆக்டிவ் டைரக்டரி. அதோடு பேசும் மொழி எல்டாப். 1993-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து டிம் ஹோவ்ஸும் கூட்டாளிகளும் கொடுத்தது. அந்த மொழியில் ஒவ்வொரு தேடலும் மூன்று விஷயம் கேட்கும். எந்தக் கிளையிலிருந்து தேட வேண்டும்? எவ்வளவு ஆழம் வரை? என்ன நிபந்தனை? முப்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பதில் சொல்லத்தான் ஆளில்லை.

காமர்ஸ் மக்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒரே ஒரு கடனாளியின் கணக்கு வேண்டும். பேரேட்டின் முன்பக்கம் இண்டெக்ஸ் பார்த்து, ஃபோலியோ எண்ணைப் பிடித்து, அந்தப் பக்கத்தைத் திருப்புவோம். முழுப் பேரேட்டையும் ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, வேண்டாததைக் குப்பையில் போட மாட்டோம். பவர்ஷெல்லில் கெட்-ஏடியூசர் கட்டளைக்கு ஃபில்டர் என்று ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டு, எல்லாரையும் வரவழைத்து, அப்புறம் வேர்-ஆப்ஜெக்ட் வைத்து ஒருவரைப் பொறுக்குவது அந்த ஜெராக்ஸ் வேலைதான். இதில் ப்ராப்பர்ட்டீஸ் என்ற இடத்திலும் இன்னொரு நட்சத்திரம்! சும்மா விட்டால் ஒருவருக்குப் பத்து விவரம்தான் வரும். நட்சத்திரம் போட்டால் அவரைப் பற்றி இருக்கிற அத்தனையும் வரும். வேண்டியது மெயில் ஐடி மட்டும்.

"ஐந்நூறு பேர்தான் சார், என்ன ஆகிடப் போகுது?" என்பார்கள். ஐந்நூறு ஐந்நூறாகவே இருக்காது. ஸ்கிரிப்டும் ஒரு இடத்தில் நிற்காது. ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் காப்பி அடிப்பார், மூன்றாமவர் அதை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடும்படி வைத்துவிட்டு வேலை மாறிப் போய்விடுவார்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. ஆக்டிவ் டைரக்டரி, சும்மா கேட்டால் ஒரு தடவைக்கு 1000 பதிவுகள்தான் தரும். மிச்சம் வேண்டுமென்றால் பக்கம் பக்கமாகக் கேட்க வேண்டும். பழைய வி.பி.ஸ்கிரிப்ட்களில் பேஜ் சைஸ் என்ற ஒரு வரியை மறந்தால் ஆயிரத்தோடு நின்றுவிடும், தப்பு என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லாது. எந்த ஆயிரம் பேர் வருவார்கள் என்பதற்கு உத்தரவாதமும் கிடையாது. ஃபீஸ் கட்டியும் லாகின் கிடைக்காத ஒரு மாணவி ஆபீஸில் போய் நின்றால், "உன் பேரே சிஸ்டத்துல இல்லம்மா" என்பார்கள். பேர் இருக்கும். ஸ்கிரிப்ட் அதுவரை போயிருக்காது. (வி.பி.ஸ்கிரிப்டைக் கைவிடப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-லேயே சொல்லிவிட்டது. இன்னும் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.)

சரி, நட்சத்திரம் ஏன் இவ்வளவு பிடித்துப்போனது? இங்கேதான் நம்ம பெயர்கள் வருகின்றன. எல்டாப்பின் 2006-ஆம் வருஷத்து வரையறைப்படி ஒரு மனிதரைப் பதிவு செய்ய 'குடும்பப் பெயர்' கட்டாயம். தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு அது கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான். ஆக, குடும்பப் பெயர் இடத்தில் 'கே' என்று ஒற்றை எழுத்து உட்காரும். அந்த இடத்துக்கு இண்டெக்ஸ் இருந்து என்ன பிரயோஜனம்? 'கே' என்று தேடினால் பாதிக் கல்லூரி வந்து நிற்கும்! இன்னொரு ஆபீசில் இனிஷியலை முன்னால் ஒட்டி 'கே. ஏழுமலை' என்று முழுப் பெயர் இடத்தில் போடுவார்கள். இப்போது ஏழுமலையைத் தேட, பெயருக்கு முன்னால் நட்சத்திரம் போட்டே ஆக வேண்டும். முன்னால் நட்சத்திரம் வந்தால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. முதல் எழுத்தே தெரியாமல் அகராதி புரட்டுவது போல.

ஏழுமலையை ஆங்கிலத்தில் எழுதுவது அடுத்த கூத்து. 'ழ'வுக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், ஒருவர் வெறும் எல் போடுவார், இன்னொருவர் முன்னால் ஒய் ஒன்று சேர்ப்பார். செஞ்சிக்காரர்களுக்கு இது புதுசா என்ன? பீஜப்பூர்காரர்கள் பாதுஷாபாத் என்றார்கள், முகலாயர்கள் 1698-இல் பிடித்ததும் நுஸ்ரத்கட் என்றார்கள், மராட்டியர்கள் சந்தி என்றார்கள், ஆங்கிலேயர்கள் 'ஜிஞ்ஜீ' ஆக்கினார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் அந்த ஆங்கிலேயர் எழுத்துக்கூட்டில்தான். 'செ' என்று ஆரம்பித்துத் தேடுகிறவனுக்கு ஊரே கிடைக்காது.

இதற்கெல்லாம் வழி இல்லாமல் இல்லை. எல்டாப் மூன்றாம் பதிப்பு 1997-இலேயே யூடிஎஃப்-8 ஏற்றுக்கொண்டது. தமிழிலேயே பெயரைப் போட்டு வைக்கலாம், 'ழ' ஒன்றுதான். 2021 டிசம்பரில் தமிழக அரசு இனிஷியலையும் தமிழில் எழுதச் சொல்லி அரசாணையே போட்டாயிற்று. இனிஷியலுக்கு டைரக்டரியில் தனி இடம் இருக்கிறது, அதில் போட்டுவிட்டு ஏழுமலை என்பதை அவர் சொந்தப் பெயர் இடத்தில் வைக்கலாம். ஆக்டிவ் டைரக்டரியில் ஏ.என்.ஆர். என்று ஒரு தேடல் உண்டு. சொந்தப் பெயர், குடும்பப் பெயர், காட்டும் பெயர், லாகின் பெயர் எல்லாவற்றிலும் ஆரம்ப எழுத்துகளை வைத்து இண்டெக்ஸோடு தேடும். "காமர்ஸ் துறைக் கிளையில் மட்டும் தேடு, மெயில் ஐடி மட்டும் கொடு" என்று சேர்த்துச் சொன்னால் முடிந்தது. எழுத இரண்டு வரி.

அதைச் செய்யாமல் "சர்வர் ஸ்லோ சார், புதுசு வாங்கணும்" என்று கொட்டேஷன் போகிறது. மேனேஜ்மென்ட்டுக்கு எல்டாப் தெரியாது, கையெழுத்துப் போடும். புது சர்வர் வரும், கொஞ்ச நாள் பறக்கும். ஸ்கிரிப்ட் அதேதான், நட்சத்திரமும் அதேதான், அடுத்த வருஷ அட்மிஷனில் ஆள் மட்டும் கூடியிருக்கும். சர்வரையாவது வருஷா வருஷம் தேய்மானத்தில் கழிக்கலாம். அந்த ஸ்கிரிப்டை எந்தத் தலைப்பில் சார் கழிப்பீர்கள்?