ஞாயிற்றின் முடியும் நாமும்

ஞாயிற்றைப் போற்றுதல் நம்மவர்க்குப் பழைய வழக்கம். அதனை ஐயுற்று நோக்குதல் அத்துணை வழக்கமன்று.

1859 செப்டெம்பர் 1 இல் இங்கிலாந்தில் ரிச்சார்ட் கரிங்டன் என்பார் ஞாயிற்றின் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருக்கையில், அவற்றிடையே ஈரொளிகள் தோன்றிச் சில நிமிடத்துள் மறையக் கண்டார். ஒரு நாள் கழியுமுன் பூமியின் காந்தப்புலம் கொந்தளித்தது. தந்திக் கம்பிகளிலே தீப்பொறி பறந்தது. அன்று கெடுவதற்கு இருந்தது தந்தி ஒன்றே. 1989 மார்ச் 13 இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஏறத்தாழ அறுபது இலட்சம் மக்கள் ஒன்பது மணித்தியாலம்வரை மின்சாரமின்றி இருந்தனர். 2022 பெப்ரவரியில் ஏவிய 49 செய்மதிகளுள் 38 வீழ்ந்தழிந்தன. அதற்குக் காரணமான புயலோ சிறியது.

இப்புயல்கள் வெடித்தெழுவது ஞாயிற்றின் புறவளிமண்டலமாகிய முடியிலிருந்து. ஞாயிற்றின் மேற்பரப்பில் வெப்பம் ஏறத்தாழ 5,500 பாகை. முடியிலோ பத்து இலட்சத்துக்கும் மேல். அடுப்பை விட்டு விலக விலகச் சூடு ஏறுமாயின் யார் நம்புவர்? அறிஞர் இன்றும் இதன் காரணம்பற்றி வாதிடுகின்றனர்.

முகில் புறப்படுவதைக் கருவிகள் காண்கின்றன. அது வந்துசேர ஒன்று முதல் மூன்று நாள்வரை செல்லும். ஆயினும் அதன் காந்தப்புலம் தெற்கு நோக்கியிருப்பின் பெருங்கேடு, வடக்கு நோக்கியிருப்பின் சிறுகேடு. அத்திசையோ, பதினைந்து இலட்சம் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள காவற் செய்மதிகளைக் கடக்கும்போதே துணிந்து சொல்லத்தக்கது. பின்னர் எஞ்சுவது ஒரு மணித்தியாலமும் இல்லை. கள்வன் படலையைத் திறந்தபின் குரைக்கும் நாய்க்கும் இம்முன்னறிவிப்புக்கும் என்ன வேறுபாடு?

ஆதலின் காவலரைப் பெருக்குதல் மட்டும் போதாது, முடியின் காந்தப்புலத்தையே அளத்தல் வேண்டும் என்பது எம் துணிபு. அது எளிதன்று. முடியின் ஒளி ஞாயிற்று வட்டத்தின் ஒளியிற் பத்து இலட்சத்திலொரு பங்களவே. முன்னாளில் முழுக்கிரகணத்தின்போதே அதனைக் காணலாயிற்று. 1955 யூன் 20 இல் அதன்பொருட்டு நம் தீவுக்கு வந்த அறிஞர் பலரை மேகம் ஏமாற்றியது. இன்று இந்தியாவின் ஆதித்தியா எல்-1 தன்னுள்ளேயே கிரகணம் செய்துகொள்கிறது. பாக்கர் விண்கலம் 2024 திசெம்பர் 24 இல் ஞாயிற்றை 61 இலட்சம் கிலோமீற்றர் வரை அணுகியது.

“சோற்றுக்கு வழி காணாத உலகுக்கு இது எதற்கு?” என்பார்க்கு, அரிசி ஆலையும் மின்சாரத்தால் ஓடுகிறது என்பதே எம் விடை. இக்கலங்களின் அளவீடுகள் எவர்க்கும் இலவசமாய்க் கிடைக்கின்றன. எம் கல்லூரியிற் பௌதிகம் பயிலும் மாணவர் எத்துணைப்பேர் அவற்றைத் திறந்து பார்த்திருப்பர்?